ஊர்க் கட்டுப்பாடும் நம்பிக்கை என்னும் மூலதனமும்

(மேலநீலிதநல்லூரில் நிகழ்த்திய நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாள். அந்த நாளையொட்டி நடக்கும் இந்தப் பேருரைக்கு வளர்ச்சியையும் நம்பிக்கையையும் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். வளர்ச்சி என்றதும் சாலை, மின்சாரம், தொழிற்சாலை, தனிநபர் வருமானம் என்று கணக்குப் போடுகிறோம். மனிதரை மனிதர் நம்புவதும் வளர்ச்சிக்கு முதலீடுதான் என்று கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளாகச் சமூக அறிவியலாளர்கள் எழுதி வருகிறார்கள். அது சரிதானா, யாருக்குச் சரி என்பதை நம் வட்டாரத்து நிகழ்வுகளை வைத்தே பார்த்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

ஒரு பெட்டிக்கடை

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே உள்ள பாஞ்சாகுளத்தில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் சிலர் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், உங்கள் தெருவுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்புகிறார். அதை அவர் தரப்பிலேயே படம்பிடித்துப் பரப்பவும் செய்தார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. அதற்கு முன் நடந்த ஒரு மோதல் வழக்கை ஒட்டிய பகை இதன் பின்னணியில் இருந்ததாகச் செய்திகள் வந்தன.

பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நாம் கலங்கினோம். இன்று அந்தக் காட்சியைப் பொருளாதாரக் கண்ணோடு இன்னொரு முறை பார்ப்போம். பிள்ளைகளின் கையில் காசு இருந்தது. கடையில் சரக்கு இருந்தது. வாங்க ஆளும் விற்க ஆளும் இருந்தார்கள். சந்தை நடப்பதற்கு வேண்டியது எல்லாம் இருந்தும் வியாபாரம் நடக்கவில்லை. நம் மொழியில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். அரசு அச்சடித்த நாணயம் நாடு முழுவதும் செல்லும் என்பது அரசு கொடுத்திருக்கும் வாக்கு. அந்த வாக்கு ஒரு பெட்டிக்கடையின் வாசலில் செல்லாமல் போனது.

கடைக்காரருக்கு அதில் நட்டம்தான். கிராமத்துப் பெட்டிக்கடையில் ஒரு தெரு முழுவதும் வாங்காமல் போனால் கல்லாவில் தெரியும். தெரிந்தே அவர் அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டார். ஏன் என்பதுதான் நம் கேள்வி.

பொருளியலாளர்கள் சொல்வது

முதலில் புத்தகங்கள் சொல்வதைப் பார்த்துவிடுவோம். 1958இல் எட்வர்ட் பான்ஃபீல்டு என்ற அமெரிக்க அறிஞர் தென் இத்தாலியின் ஓர் ஏழைக் கிராமத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அங்கே யாரும் தன் குடும்பத்தைத் தாண்டி எவரையும் நம்புவதில்லை, அதனால் எதையும் சேர்ந்து செய்வதில்லை, அந்த ஊர் முன்னேறாததற்கு அதுவே காரணம் என்றார். நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கென்னத் ஆரோ 1972இல், எந்தக் கொடுக்கல் வாங்கலிலும் நம்பிக்கை கலந்திருக்கிறது, உலகின் பொருளாதாரப் பின்தங்கலில் பெரும்பகுதியை நம்பிக்கைக் குறைவைக் கொண்டே விளக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். 1993இல் ராபர்ட் புட்னம் இத்தாலியின் மாநில அரசுகளை ஒப்பிட்டு, மக்கள் சங்கங்களிலும் குழுக்களிலும் கூடிப் பழகிய வட்டாரங்களில் அரசும் நன்றாக நடக்கிறது என்று காட்டினார். இதற்குச் சமூக மூலதனம் என்ற பெயர் நிலைத்தது. உலக வங்கி முதல் நம் ஊர்த் தொண்டு நிறுவனங்கள் வரை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன.

இதில் உண்மை இருக்கிறது. கைமாற்று வாங்கும்போது நாம் பத்திரம் எழுதிக்கொள்வதில்லை. முகம் தெரிந்த மேஸ்திரியை நம்பித்தான் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிறோம். நம்பிக்கை இருந்தால் செலவு குறையும், வேலை வேகமாக நடக்கும். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த அளவுகோலைப் பாஞ்சாகுளத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நம்பிக்கை குறைவாக இருந்ததா? ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது. எழுத்து இல்லை, முத்திரை இல்லை. வீட்டுக்கு வீடு அது செல்லுபடியானது. மற்றவர்களும் கட்டுப்படுவார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். மீறினால் நம்மையும் தள்ளிவைப்பார்கள் என்றும் நம்பினார்கள். கோயில் கொடைக்கு வரி பிரிக்கவும், கண்மாய்க்கு ஆள் அனுப்பவும், நல்லது கெட்டதுக்குக் கூடவும் பழகிய அதே ஒற்றுமைதான் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்காதே என்றும் சொன்னது. கடைக்காரர் ஏற்றுக்கொண்ட நட்டத்துக்கு விடை இங்கே இருக்கிறது. எங்கள் தெருவின் வியாபாரத்தைவிட ஊரின் உறவு அவருக்குப் பெரிய முதல்.

ஆக, சமூக மூலதனம் அங்கே நிறையவே இருந்தது. அது நமக்கு எதிராக முதலீடு செய்யப்பட்டிருந்தது. புட்னமும் 2000இல் எழுதிய நூலில், தன் கூட்டத்துக்குள் இறுகக் கட்டும் நம்பிக்கை வேறு, கூட்டங்களுக்கிடையே பாலம் போடும் நம்பிக்கை வேறு என்று பிரித்துச் சொல்கிறார். இந்தியாவில் கட்டுக்குப் பஞ்சமே இல்லை. சாதி என்பதே கட்டுதான். பாலம்தான் இல்லை.

மகமையும் கட்டுப்பாடும்

கட்டு எல்லாமே தீது என்றும் சொல்லிவிட முடியாது. நமக்கு வடக்கே விருதுநகரும் சிவகாசியும் இருக்கின்றன. ஒருகாலத்தில் கோயிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்ட நாடார் சமூகத்தார், விற்ற சரக்கின் மீது மகமை பிரித்து உறவின்முறை வழியாகப் பொது நிதி சேர்த்தார்கள். அந்த நிதியில் பேட்டைகளும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கப்பட்டது. 1899இல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்த பிறகும் அந்தச் சமூகம் வணிகத்தில் எழுந்து நின்றது. உள்நம்பிக்கையை மூலதனமாக்கியதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இதை எடுத்துக்காட்டி, நீங்களும் அப்படிச் செய்ய வேண்டியதுதானே என்று நம்மிடம் கேட்கிறார்கள். மகமை பிரிக்க விற்பனை வேண்டும். விற்பனைக்கு வாங்குபவர் வேண்டும். பருத்தியையும் கருப்பட்டியையும் எந்தச் சாதியும் வாங்கும். நம் தெருவில் ஒருவர் தேநீர்க் கடை போட்டால் ஊரிலிருந்து எத்தனை பேர் வந்து குடிப்பார்கள்? நம் வீட்டுப் பாலையும் நம் கையால் செய்த பலகாரத்தையும் எத்தனை வீடுகள் வாங்கும்? நிலமும் நம்மிடம் இல்லை. 1892இல் வெள்ளை அரசு ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்க உத்தரவிட்ட பஞ்சமி நிலங்களும் பெருமளவில் பிறர் கைக்குப் போய்விட்டன. நிலம் இல்லாதவருக்கு வங்கியில் ஜாமீன் இல்லை. நமக்குள் நம்பிக்கை எவ்வளவு இருந்தாலும், அது பெருக வேண்டிய சந்தையின் வாசலில் சாதி நிற்கிறது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டம், நிலமில்லாத பெண்களிடம் இருந்த ஒரே சொத்தான பரஸ்பர நம்பிக்கையை ஜாமீனாக ஏற்றுக்கொண்டது. பெண்கள் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டினார்கள். ஏழைகளுக்கு நாணயம் உண்டு என்று வங்கிகள் கற்றுக்கொண்டன. ஆனால் பெரும்பாலான கிராமங்களில் குழுக்கள் தெருவாரியாக அமைந்தன. தெருவாரி என்றால் சாதிவாரி. கடன் வந்தது, பாலம் வரவில்லை.

புறக்கணிப்பு குற்றமான கதை

ஊர்க் கட்டுப்பாடு பொருளாதார ஆயுதம் என்பதை அம்பேத்கர் நமக்கு வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார். 1928இல் பம்பாய் அரசு அமைத்த ஸ்டார்ட்டே குழுவில் அவரும் உறுப்பினர். ஒடுக்கப்பட்டோர் பொதுக் கிணறு, பள்ளி போன்ற உரிமைகளைக் கேட்ட இடங்களில் வேலையை நிறுத்துவது, பொருள் விற்க மறுப்பது, வழியை அடைப்பது என்று ஊர்கள் பழிவாங்கியதை அந்தக் குழு பதிவு செய்தது. லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அவர் கொண்டுபோன பாதுகாப்புக் கோரிக்கைகளில் சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பதும் ஒன்று. அதற்கு 1922ஆம் ஆண்டின் பர்மா புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்.

தீண்டாமையைத் தடைசெய்து கடைகளை எல்லோருக்கும் பொது என்றது அரசமைப்பு. 1955ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டாமையின் பேரில் பொருள் விற்க மறுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் ஊரே கூடிச் செய்யும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு என்ற சொல்லே வரையறையோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் தனிக் குற்றமாக வந்தது 2015 திருத்தத்தில்தான். நடைமுறைக்கு வந்தது 2016 சனவரி 26. வட்டமேசைக் கோரிக்கைக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய 85 ஆண்டுகள்.

பாஞ்சாகுளத்தில் கைது நடந்தது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. அதோடு நிற்காமல், குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேர் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லைச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வழக்கமாக வன்கொடுமை நடந்தால் ஊரைவிட்டு ஓடுவது நாம்தான். இங்கே முதல்முறையாக மற்றவரை ஊருக்கு வெளியே நிற்கச் சொன்னது சட்டம். 1989இல் இயற்றிய சட்டத்தில் எழுதியிருந்த ஒரு பிரிவைத் தூசு தட்டி எடுக்க, பிள்ளைகள் அவமானப்படும் படம் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

ஊர் வழியாகப் போகும் திட்டம், ஊரைத் தாண்டிப் போகும் திட்டம்

சட்டம் தண்டிக்கும். அன்றாடம் நம்பிக்கையை வளர்ப்பது அரசின் திட்டங்கள். அவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் நமக்குப் பல விஷயங்கள் விளங்கும். சில திட்டங்கள் ஊரின் தயவு இல்லாமல் நேராக நம்மிடம் வருகின்றன. சில ஊரின் கைவழியாக வருகின்றன.

ரேஷன் அட்டை நேராக வருகிறது. பண்ணையார் கோபித்துக்கொண்டால் அன்றைய உலை கொதிக்காது என்ற நிலையை மாற்றியதில் ரேஷன் அரிசிக்குப் பெரும்பங்கு உண்டு. அரசுப் பேருந்து நேராக வருகிறது. பயணச்சீட்டு வாங்கியவர் எந்த இருக்கையிலும் உட்காரலாம். நூறு நாள் வேலை வந்தபோது கூலி ஆணுக்கும் பெண்ணுக்கும் எல்லாத் தெருவுக்கும் ஒன்று என்றானது. பிறகு அது வங்கிக் கணக்குக்கே வந்தது. அந்த நாள்களில் காட்டுவேலைக்கு ஆளே கிடைப்பதில்லை என்ற புலம்பலை நாம் எல்லோரும் கேட்டோம். சொன்ன கூலிக்கு, கூப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டிய கட்டாயம் நமக்குத் தளர்ந்தது என்பதுதான் அந்தப் புலம்பலின் பொருள்.

மதிய உணவு 1956இல் காமராசர் காலத்தில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, 2022இல் காலை உணவாகவும் வந்தது. ஒரே பந்தியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உண்பது சத்துக் கணக்கைவிடப் பெரிய காரியம். சமைப்பவர் யார் என்ற கேள்வியில் ஊர் குறுக்கே வருகிறது. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் சமூகத்துச் சத்துணவுப் பணியாளர் சமைக்கக் கூடாது என்று எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்த அம்மாவை இடமாற்றியதுதான். போராட்டத்துக்குப் பிறகே அது ரத்தானது. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் காலை உணவுக்கு இதே சிக்கல் வந்தபோது, அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அங்கேயே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதல் இடத்தில் அரசு ஊரைப் பார்த்துப் பின்வாங்கிப் பிறகு திருந்தியது. இரண்டாவது இடத்தில் சமைத்தவரின் பக்கம் நின்றது. திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். அரசு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊராட்சி, ஊரின் கைவழியாகப் போகிறது. 1996இல் தனித்தொகுதியான மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன், 1997 சூன் 30 அன்று தோழர்கள் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுகள் ஒரு தலித் தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. யாரும் மனுப்போடக் கூடாது, போட்டு வென்றாலும் உடனே பதவி விலக வேண்டும் என்பது ஏற்பாடு. 2006 அக்டோபரில் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அந்தப் பத்தாண்டும் ஒதுக்கீடு அப்படியேதான் இருந்தது. நடத்தியே தீருவது என்று அரசும் மாவட்ட நிர்வாகமும் முடிவெடுத்து ஊரோடு உட்கார்ந்து பேசியதுதான் மாற்றம்.

அதே 2006இன் நவம்பரில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து நக்கலமுத்தன்பட்டியின் ஊராட்சித் தலைவர் ஜக்கையன் கொல்லப்பட்டார். பிறர் சொல்படி ஆடும் தலைவராக இருக்க அவர் மறுத்ததே காரணம் என்று செய்திகள் கூறின. இங்கே ஒரு சிறிய விதியைக் கவனியுங்கள். தமிழ்நாடு ஊராட்சிச் சட்டப்படி காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். தனித்தொகுதி ஊராட்சியில் தலைவர் பதவிதான் ஒதுக்கீடு. துணைத் தலைவர் ஊரின் ஆளாக இருக்கலாம். குழாய் பதிக்கவும் தெருவிளக்கு மாற்றவும் அவர் கையெழுத்துக்காகத் தலைவர் காத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் சமம் என்று நினைத்து எழுதிய விதி, சமமில்லாத ஊரில் ஒருவர் கையில் பூட்டாகிறது.

திட்டமே பகையை வளர்ப்பதும் உண்டு. 2021 மார்ச்சில் ஒன்றிய அரசு நூறு நாள் கூலியைப் பட்டியல் சாதியார், பழங்குடியினர், மற்றவர் என்று பிரித்து வழங்கச் சொன்னது. ஒரே குழியில் மண் வெட்டியவர்களில் ஒரு தெருவுக்குக் கூலி முன்னே வந்தது, இன்னொரு தெருவுக்குப் பின்னே வந்தது. தெருக்களுக்கிடையே சந்தேகம் முளைத்தது. எதிர்ப்பு எழுந்து, அந்த ஆண்டுக்குள்ளேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். சேர்ந்து வேலை செய்ததால் மெல்ல வளர்ந்திருந்த பழக்கத்தைப் பட்டுவாடா முறை ஒன்று குலைக்க முடியும் என்பதை இதில் கண்டோம்.

நாம் கேட்பதும் நாம் செய்வதும்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தெரிவது ஒன்று. மக்களிடையே இணக்கம் வரட்டும், பிறகு உரிமை தானாக வரும் என்று சமாதானக் கூட்டங்களில் நமக்குச் சொல்கிறார்கள். நம் அனுபவம் நேர்மாறாக இருக்கிறது. உரிமை உறுதியாக நின்ற இடத்தில்தான் இணக்கம் தொடங்குகிறது. மறுத்தால் வழக்கு வரும் என்று தெரிந்த கடையில் வியாபாரம் நடக்கிறது. நாள்தோறும் நடந்தால் பழக்கமாகிறது. பழக்கம் ஒருநாள் நம்பிக்கையாகலாம். பயந்து கிடப்பவர் எதிராளியை நம்புவதாகச் சொன்னால் அதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில. மாவட்ட விழிப்புணர்வு கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. கடைசியாக எப்போது கூடியது, புறக்கணிப்பு வழக்குகள் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் மனுப்போடுவோம். தனித்தொகுதி ஊராட்சிகளில் கையெழுத்து இழுபறியால் நின்ற பணிகளின் பட்டியலைக் கிராம சபையில் கேட்போம். புதிதாக வரும் அங்கன்வாடியும் நூலகமும் ரேஷன் கடையும் எந்தத் தெருவில் அமைகின்றன என்று பார்ப்போம். நம் தெருவில் ஒரு பொதுக் கட்டடம் வந்து அதற்கு ஊரார் நடந்து வந்தால், அதுவும் பாலம்தான்.

நமக்குள்ளும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். பள்ளர் தெருவும் பறையர் தெருவும் அருந்ததியர் தெருவும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகின்றன? 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உள்வகைப்படுத்தலை ஏற்றபோதும் நம் மேடைகளில் எழுந்த குரல்களை நாம் மறக்கவில்லை. நம்மைவிடக் கீழே தள்ளப்பட்டவரின் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கும் ஒருவர், பெட்டிக்கடைக்காரரைப் பார்த்துக் கேள்வி கேட்பது எப்படி? இந்த அரங்கில் அந்தத் தயக்கம் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக நமக்கு மனமில்லை. அண்ணல் சகோதரத்துவம் என்று சொன்னதை நம் தெருக்களிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது பாஞ்சாகுளத்துப் பிள்ளைகளை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். அவர்கள் இப்போது வளர்ந்திருப்பார்கள். ஒரு கடை வாசலில் நிற்கும்போது, கொடுப்பார்களா என்ற எண்ணமே வராமல் அவர்கள் காசை நீட்ட வேண்டும். அந்த நாள் வந்துவிட்டதா என்பதைத்தான் இந்த வட்டாரத்தின் வளர்ச்சிக் கணக்கில் முதல் வரியாக நாம் எழுதிப் பார்ப்போம்.

ஜெய்பீம்.